ஐந்தேகால் அங்குலப் பொய்

“மூணாவது நாளே கேட்டுட்டார், மேடம். முப்பத்தொன்பது வருஷம் கழிச்சு வந்த மனுஷன். தாத்தா எப்படிப் போனார்னு கேக்கல, எனக்குக் கல்யாணம் ஆச்சான்னு கேக்கல. ‘நான் உன்கிட்ட குடுத்துட்டுப் போனது பத்திரமா இருக்கா’ன்னு அம்மாகிட்ட கேட்டார்.”

மருந்துக்கடைக்காரி இதைச் சொல்லிவிட்டு, தன்னை யாரும் பின்தொடரவில்லையே என்று வாசல் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த ஃபியூஸ் அவளுக்கு ஒரு சிரிப்பைக் கொடுத்தான். அது அவளுக்குத் தைரியம் தரவில்லை.

அவள் எதிரே இருந்தவள் ஸ்டெனோ. நீதிமன்றத்தில் இருபத்திரண்டு வருடம் சுருக்கெழுத்து எழுதியவள். அடுத்தவர் சொன்ன பொய்களை ஒரு சொல் விடாமல் எழுதி எழுதிக் கை சலித்து, வேலையை விட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் திறந்திருந்தாள். உதவிக்கு இருந்த ஃபியூஸ் முன்னாள் டிவி மெக்கானிக். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மாடி, கீழ்க்கடை, எதிர்க்கடை மூன்றுக்கும் ஒரே நேரத்தில் மின்சாரத்தைப் பிடுங்கியதால் வந்த பெயர் அது.

மருந்துக்கடைக்காரி சொன்ன கதை இதுதான். அவளுடைய அம்மா தையல்காரர். அம்மாவுக்கு ஒரே அண்ணன். ஒரு பெயிண்ட் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தவர். ஒரு நாள் காலையில் அப்பாவோடு பெரிய சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனார். முதல் வருடம் இரண்டு கடிதம் வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. ஏழு வாரத்துக்கு முன்னால் ஒரு பெரியவர் கையில் ஒரு தகரப்பெட்டியோடு வந்து நின்று, “நான்தான்” என்றார். அம்மா அவரை உள்ளே அழைத்து, டீ போட்டுக் கொடுத்து, அன்றைக்கே சட்டைக்கு அளவெடுத்தார்.

வந்தவருக்கு வீட்டுக் கதையெல்லாம் அத்துப்படி. கிணற்றில் விழுந்த பூனை, கணக்கு வாத்தியாரின் செயற்கைப் பல், எல்லாம் சரியாகச் சொல்கிறார். ஆனால் சொல்லி முடித்ததும் சரிதானா என்பதுபோல் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறாராம்.

“தப்பா இருந்தா?” என்று ஸ்டெனோ கேட்டாள்.

தப்பாக எதுவும் சொன்னதில்லை என்றாள் மருந்துக்கடைக்காரி. அவளை உறுத்தியது வேறு. அந்தத் தொழிற்சாலையின் கழிவுநீரால் கால்வாய்க்கரை வீடுகளில் பலருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. அதை விசாரிக்க இப்போது ஓர் ஆணையம் உட்கார்ந்திருக்கிறது. ஆவணம் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். அவளுடைய கடையில் மருந்து வாங்குகிறவர்களில் பாதிப்பேர் அந்தக் கரைக்காரர்கள். இந்த நேரம் பார்த்து, அந்த ஆய்வுக்கூடத்து ஆபரேட்டர் திரும்பி வருகிறார், வந்ததும் ஏதோ ஒரு பொருளைக் கேட்கிறார் என்றால், அவர் மாமாவா, இல்லை தொழிற்சாலை அனுப்பிய ஆளா?

போன திங்கள்கிழமை அம்மா பீரோவிலிருந்து கறுப்பாக, சதுரமாக, தட்டையாக ஒன்றை எடுத்து அவரிடம் கொடுத்ததை அவள் சமையலறையிலிருந்து பார்த்திருக்கிறாள். மறுநாள் அவர் அதைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் இல்லை. துவைக்கப் போட்ட சட்டைப் பையில் ஒரு சீட்டு கிடைத்தது. ‘பழைய கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பு. எண் 17.’

“இன்னைக்கு புதன்,” என்றாள் ஸ்டெனோ. “சீட்டைக் குடுங்க. அம்மாகிட்ட எதுவும் சொல்லாதீங்க.”

அவள் போனபின் ஃபியூஸ் எழுந்தான். “என் சொந்த மாமா வந்தா நாங்க பீரோவைப் பூட்டுவோம், அக்கா. இவங்க திறந்து குடுத்திருக்காங்க. நல்ல குடும்பம்.”

*

கடைக்காரரை அந்தத் தெருவில் மியூசியம் என்றுதான் அழைத்தார்கள். கடையும் அப்படித்தான் இருந்தது. தரையிலிருந்து கூரைவரை மஞ்சளித்துப்போன கம்ப்யூட்டர்கள். நடுவில் ஒருவர் பக்கவாட்டில் மட்டுமே நடக்கக்கூடிய பாதை. சீட்டைக் காட்டியதும் அவர் உரியவர் வரவேண்டும் என்றார். உரியவருடைய தங்கை மகள் சார்பில் வந்திருப்பதாக ஸ்டெனோ சொன்னாள். அவர் யோசித்தார். அதற்குள் ஃபியூஸ் மேசைமேல் குடல் தெரியக் கிடந்த ஒரு மானிட்டரைப் பார்த்து, அதில் கருகிப்போயிருந்த பாகம் எது என்று சொல்லிவிட்டான். மியூசியத்தின் முகம் மலர்ந்தது. பதினேழாம் எண் உறை வெளியே வந்தது.

உள்ளே இருந்தது ஒரு ஃப்ளாப்பி. காலண்டர் அட்டைபோல வளையக்கூடியது, நடுவில் பெரிய ஓட்டை.

“ஐந்தேகால் அங்குலம்,” என்றார் மியூசியம், சொந்தக் குழந்தையின் உயரத்தைச் சொல்வதுபோல.

ஃபியூஸ் தனக்குத் தெரிந்த ஃப்ளாப்பி சட்டைப் பையில் அடங்குகிற கெட்டி அட்டைதான் என்றான். அது கடைசியாக வந்தது, மூன்றரை அங்குலம் என்று மியூசியம் ஓர் இழுப்பறையைத் திறந்தார். அதற்கு முந்தியது இந்த ஐந்தேகால். எல்லாவற்றுக்கும் மூத்தது எட்டு அங்குலம். அவர் எடுத்துக் காட்டிய எட்டு அங்குல ஃப்ளாப்பி சாப்பாட்டுத் தட்டு அகலம் இருந்தது. மூன்றையும் வரிசையாக வைத்தார். உருவம் சிறுத்துக்கொண்டே வந்தது, கொள்ளளவு பெருகிக்கொண்டே வந்தது, ஆனால் மூன்றரையின் முழு வயிற்றிலும் இன்றைக்கு ஒரு கைப்பேசிப் படம்கூட அடங்காது என்றார்.

“தட்டு, சாசர், பிஸ்கட்,” என்று ஃபியூஸ் வரிசைப்படுத்திக்கொண்டான்.

மியூசியம் நிறுத்துவதாக இல்லை. காந்தம் பக்கத்தில் வந்தால் மூன்றுக்கும் சாவு என்றார். பூட்டுகிற விதம்தான் ஆளுக்கு ஆள் வேறு என்றார். எட்டிலும் ஐந்தேகாலிலும் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். ஐந்தேகாலில் அந்த வெட்டின்மேல் ஸ்டிக்கர் ஒட்டினால் பூட்டு. அதற்குப்பின் அதில் யாரும் எதையும் அழிக்கவோ எழுதவோ முடியாது. எட்டு அங்குலத்தில் நேர்மாறு. வெட்டு திறந்து கிடந்தால்தான் பூட்டு. ஸ்டிக்கர் ஒட்டினால் கதவைத் திறந்து விட்டதாக அர்த்தம். பழகாதவர்கள் எல்லோரும் இங்கேதான் சறுக்குவார்கள்.

“ஒரே வீட்ல அண்ணனுக்கும் தம்பிக்கும் எதிர் எதிர் புத்தி,” என்றான் ஃபியூஸ்.

ஸ்டெனோவின் பென்சில் இதையும் எழுதிக்கொண்டது. பெரியவர் வந்தபோது என்ன செய்தார் என்று அவள் கேட்டாள். மியூசியம் யோசித்துச் சொன்னார். தன்னை ஆபரேட்டர் என்று சொல்லிக்கொண்டாராம். ஆனால் ஃப்ளாப்பியை ஓரங்களில் மட்டும் இரு விரலால் பிடித்து, டியூப்லைட் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாராம். “அதுல என்ன தெரியும்? கறுப்புத்தான் தெரியும். நான் ஒண்ணும் சொல்லல. பூட்டணுமான்னு கேட்டு நான்தான் ஸ்டிக்கர் ஒட்டினேன். மூணு நகல் வேணும்னார். வெள்ளிக்கிழமை காலைக்குள்ள.”

“மூணா?”

“மூணு. அழுத்திச் சொன்னார்.”

நகலெடுத்தாயிற்றா என்று ஸ்டெனோ கேட்டாள். இன்றைக்குத்தான் திறந்து பார்த்ததாகவும் அதில் ஒரு சிக்கல் இருப்பதாகவும் சொல்லி, மியூசியம் ஒரு பழைய கம்ப்யூட்டரின் திரையைத் திருப்பினார். பச்சை எழுத்தில் ஏ, எஸ், டி, எஃப் என்று வரிவரியாக ஓடியது. எண்பது வரி.

“ரகசியக் குறியீடு,” என்றான் ஃபியூஸ் தாழ்ந்த குரலில். “தொழிற்சாலை ரகசியத்தை இப்படித்தான் மறைச்சு வைப்பாங்க, அக்கா.”

ஸ்டெனோ திரையைப் பார்த்த மாத்திரத்தில் அவள் விரல்கள் மேசைமேல் தாமாக அசைந்தன. “டைப்ரைட்டிங் முதல் பாடம்,” என்றாள். “இடது கை விரல் பயிற்சி. கீழ இறக்குங்க.”

கீழே, பள்ளிக்குப் போக முடியாதபடி காய்ச்சல் என்று ஒரு விடுப்புக் கடிதம் இருந்தது. அதில் நாலு எழுத்துப் பிழை. கையெழுத்துப் போடும் இடத்தில் மருந்துக்கடைக்காரியின் பெயர். பத்து வயதில் ஏதோ ஒரு விடுமுறை வகுப்பில் அவள் அடித்துப் பழகிய ஃப்ளாப்பி அது.

படிக்கட்டில் இறங்கும்போது ஃபியூஸ் தன் முடிவைச் சொன்னான். கிழவர் உண்மையானதை ஒளித்துவிட்டு இதைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். உண்மையானது இந்நேரம் அடுப்புக்குப் போயிருக்கும்.

“உண்மையானது கையில இருந்தா, இதுக்கு எதுக்கு மூணு நகல்?” என்றாள் ஸ்டெனோ.

மியூசியத்திடம் அவள் கேட்டு வாங்கிக்கொண்ட வெற்று ஃப்ளாப்பிகள், ஓர் ஐந்தேகாலும் ஓர் எட்டு அங்குலமும், ஃபியூஸ் கையில் இருந்தன. எட்டு அங்குலம் பையில் நுழைய மறுத்ததால் அதைத் தட்டுபோல ஏந்திக்கொண்டு நடந்தான்.

*

அன்று பிற்பகலே அவர்கள் தையல் அறையில் இருந்தார்கள். பள்ளிக்கூடம் ஒன்றில் பழைய கம்ப்யூட்டர் கண்காட்சி நடக்கப்போவதாகவும், ஓர் அனுபவஸ்தரின் உதவி வேண்டுமென்றும் மருந்துக்கடைக்காரி சொல்லி வைத்திருந்தாள்.

சிறிய அறை. ஜன்னலோரம் மிதி மெஷின். சுவரில் ஆணிகளில் காலர், கை, முதுகு என்று வெட்டிய அட்டைகள் கற்றை கற்றையாகத் தொங்கின. டெய்லரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு தரையில் மண்டியிட்டிருந்தார். குண்டூசி டப்பா கவிழ்ந்திருந்தது. ஐம்பத்தெட்டு வயது முழங்காலை ஊன்றி, ஒவ்வொன்றாக, நகத்தால் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தார்.

ஃபியூஸ் உதவப்போனான். பையிலிருந்து காந்த முனை ஸ்க்ரூடிரைவரை எடுத்து, ஒரே வீச்சில் எல்லாம் வந்துவிடும் என்று குனிந்தான்.

“அதை வெளிய வச்சுட்டு வாங்க,” என்றார் டெய்லரம்மா. குரல் உயரவில்லை. ஆனால் ஃபியூஸ் மறுபேச்சு இல்லாமல் எழுந்துபோய் அதைச் செருப்புப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தான்.

ஸ்டெனோ குறிப்பேட்டில் ஒரு கோடு போட்டாள். சுவரில் தொங்கிய அட்டைக் கற்றைகளை ஒரு தரம் பார்த்தாள்.

பெரியவர் மூலை நாற்காலியில் இருந்தார். மெலிந்த உடம்பு, அகன்ற தோள், புதிதாகத் தைத்த நீலச் சட்டை. அடிக்கடி செருமினார். பேசிய அளவு பணிவாகவே பேசினார். அந்தக் காலத்தில் என்ன மெஷின் என்று கேட்டால் பெரிய மெஷின் என்றார். எப்படி இருக்கும் என்றால் நல்ல சத்தம் போடும் என்றார்.

ஸ்டெனோ இரண்டு ஃப்ளாப்பியையும் அவர் மடியில் வைத்தாள். கூடவே இரண்டு ஸ்டிக்கர். கண்காட்சியில் பிள்ளைகள் கைபட்டு எதுவும் அழிந்துவிடக் கூடாது, இரண்டையும் பூட்டித் தர முடியுமா என்று கேட்டாள்.

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. தெரிந்த கேள்வி. ஐந்தேகாலின் ஓரவெட்டைத் தேடி ஸ்டிக்கரை ஒட்டினார். எட்டு அங்குலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதன் வெட்டையும் கண்டுபிடித்து, சுத்தமாக ஒட்டி, விரலால் நீவினார். “இனி யாரும் அழிக்க முடியாது,” என்றார்.

“இதை யாரும் அழிக்க முடியாது,” என்று ஸ்டெனோ சின்னதைத் தொட்டாள். “இதை இப்பத்தான் திறந்து விட்டிருக்கீங்க. எட்டு அங்குலத்துல ஸ்டிக்கர் ஒட்டினா திறப்பு. ஆய்வுக்கூடத்துல ஒரே ஒரு நாள் வேலை பார்த்த ஆபரேட்டருக்குக்கூட இது தெரிஞ்சிருக்கும்.”

பெரியவரின் விரல் ஸ்டிக்கரின் மேலேயே நின்றுவிட்டது.

மருந்துக்கடைக்காரி கதவை மறித்து நின்றாள். ஏழு வாரமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவள் வாயில் வந்தது. யார் நீங்கள், யார் அனுப்பினார்கள், என் அம்மாவிடம் வாங்கியதை என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். போலீஸைக் கூப்பிடப்போவதாகச் சொல்லிக் கைப்பேசியை எடுத்தாள்.

“வை அதை,” என்றார் டெய்லரம்மா.

அவர் கடைசிக் குண்டூசியை டப்பாவில் போட்டு மூடியை அழுத்தினார். மெஷின் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“இவர் என் அண்ணன் இல்லன்னு எனக்கு முதல் நாளே தெரியும்.”

மருந்துக்கடைக்காரி கைப்பேசியைத் தாழ்த்தினாள்.

“சட்டைக்கு அளவெடுத்தேன்ல. மனுஷன் இளைப்பான், பெருப்பான், கூன் விழும். தோள் எலும்பு அகலமாகாது. என் அண்ணனுக்குப் பதினாறரை. நான் முதல்முதலா தைச்ச சட்டையே அவனுக்குத்தான், அந்த அளவு எனக்கு மறக்குமா? இவருக்குப் பதினெட்டு.”

அப்படியானால் ஏன் சோறு போட்டு வைத்திருக்கிறாய் என்று மகள் கேட்டாள்.

அதற்கு டெய்லரம்மா சொன்னது நீளமானது. அண்ணன் போகும்போது ஒரு ஃப்ளாப்பியைக் கொடுத்துவிட்டுப் போனான். அது தன்னிடம் இருப்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும், அவனுக்கும் தனக்கும். ‘என் கையில மட்டும்தான் குடுக்கணும், நானே கடிதம் குடுத்து அனுப்பினாலும் வேற யாருக்கும் குடுக்காதே’ என்று தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கியிருந்தான். வந்தவர் மூன்றாம் நாள் அதைக் கேட்டபோது டெய்லரம்மாவுக்கு ஒன்று புரிந்துவிட்டது. இந்த மனிதர் அண்ணனைப் பார்த்திருக்கிறார். அண்ணன் எங்கே என்பதற்கு முப்பத்தொன்பது வருடத்தில் கிடைத்த ஒரே வழி இவர்தான். துரத்திவிட்டால் அந்த வழியும் அடைபட்டுப்போகும்.

“அதான் விட்டு வச்சேன். எங்க போறார், யாரைப் பாக்கறார்னு தெரியட்டும்னு. ஏதாவது குடுத்தாத்தான நகருவார்? இவ சின்ன வயசுல கத்துக்கிட்ட வகுப்பு ஃப்ளாப்பியை எடுத்துக் குடுத்தேன். அண்ணன் குடுத்தது எட்டு அங்குலம். இது அஞ்சேகால். கையில வாங்கிப் பாத்துட்டு, ‘ஆமா, இதேதான்’ன்னார்.”

ஃபியூஸ் மெதுவாக ஸ்டெனோ பக்கம் சாய்ந்தான். “அக்கா, இவங்களுக்கு நம்ம மாடியில ஒரு மேசை போடலாம்.”

டெய்லரம்மா பெரியவருக்கு நேரே வந்து நின்றார். “இப்ப சொல்லுங்க. எங்க இருக்கான்?”

பெரியவர் நிமிரவில்லை. ஃபியூஸ் தன் சந்தேகத்தை விடவில்லை; தொழிற்சாலை அனுப்பிய ஆளுக்குப் பதில் வராது என்றான்.

ஸ்டெனோ அந்த நாற்காலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். ஃப்ளாப்பியை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறவர் யார் என்று கடையிலிருந்து வரும்போதே யோசித்துக்கொண்டு வந்ததாகச் சொன்னாள். படச்சுருளைப் பார்த்துப் பழகியவர். “நீங்க ஆபரேட்டர்னு சொன்னது பொய்யில்ல. தியேட்டர்ல படம் ஓட்டினவர். சரியா?”

அவர் தலையாட்டினார்.

“அழிக்க வந்தவர் மூணு நகல் கேக்க மாட்டார். யாருக்கு அந்த மூணு?”

“ஆணையத்துக்கு ஒண்ணு,” என்றார் பெரியவர். குரல் கரகரத்தது. “கரைக்காரங்க சங்கத்துக்கு ஒண்ணு. தங்கச்சிக்கு ஒண்ணு. அப்படித்தான் சொல்லி அனுப்பினான்.”

பிறகு அவராகவே சொன்னார். தூரத்து நகரம் ஒன்றில் முதியோர் விடுதி. பக்கத்துப் பக்கத்துக் கட்டில். நீ என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டபோது இருவரும் ஒரே நேரத்தில் ஆபரேட்டர் என்று சொல்லிச் சிரித்ததில் பழக்கமானது. ஆறு வருடம். கிணற்றுப் பூனையையும் கணக்கு வாத்தியாரையும் நூறு தடவை கேட்டிருப்பார். போன வருடம் அவனுக்கு நுரையீரல் கெட்டது. ஆணையம் பற்றிச் செய்தித்தாளில் படித்தபோது அவனால் எழுந்து உட்கார முடியவில்லை. ‘என் கையைத் தவிர வேறு கையில் தர மாட்டாள், நானே அப்படிச் சத்தியம் வாங்கிட்டேன், அதனால நீ நானாத்தான் போகணும்’ என்றான்.

“வாங்கிக் குடுத்துட்டு, அப்புறமா உண்மையைச் சொல்லலாம்னுதான் வந்தேன். தினம் காலையில இன்னைக்குச் சொல்லிடணும்னு நினைப்பேன். நீங்க டீ கொண்டுவந்து வைப்பீங்க. வாய் வராது.”

“எப்போ?” என்று கேட்டார் டெய்லரம்மா.

“மூணு மாசம் ஆச்சும்மா. தூக்கத்துல.”

டெய்லரம்மா மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்தார். மகள் பக்கத்தில் போனாள். அவர் கையை விலக்கினார். இவர் சொல்வதை எப்படி நம்புவது என்று அவர் கேட்டது பெரியவரையல்ல, ஸ்டெனோவை. அது நியாயமான கேள்வி. மூன்று நகல் என்பது நல்ல தடயம்தான், ஆனால் சந்தேகம் வராமலிருக்க ஒரு கெட்டிக்காரன் அதையும் கேட்கலாம் என்று ஸ்டெனோ ஒப்புக்கொண்டாள்.

பெரியவர் எழுந்து உள்ளறைக்குப் போனார். ஃபியூஸ் பின்னாலேயே போனான். திரும்பி வந்தபோது தகரப்பெட்டியிலிருந்து எடுத்த ஒரு கடிதக் கட்டு அவர் கையில் இருந்தது. பதினான்கு உறைகள். எல்லாவற்றிலும் இந்த வீட்டு முகவரி. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. முகவரியின் மேல் குறுக்கே, சிவப்பு மையில், பெரிய எழுத்தில், ‘இப்படி ஒருவரும் இங்கே இல்லை. அனுப்பியவருக்கே திருப்புக’ என்று எழுதியிருந்தது.

டெய்லரம்மா அந்தச் சிவப்பு எழுத்தின்மேல் விரலை வைத்தார். அவருடைய பள்ளி மதிப்பெண் அட்டைகளில் எல்லாம் பெற்றோர் கையெழுத்தாக இருந்த அதே எழுத்து. வளைவு வளைவான அதே ‘இ’.

“அப்பா,” என்றார்.

உறைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, “நான்தான் திருப்பி அனுப்பினேன்னு நினைச்சானா?” என்று கேட்டார்.

“இல்லம்மா. யார் எழுத்துன்னு அவனுக்குத் தெரியும். உங்களுக்கு வந்து சேரவே இல்லன்னு தெரியும். உங்க அப்பா காலமானதே அவனுக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிஞ்சுது. அதுக்குள்ள, இத்தனை வருஷம் கழிச்சு எந்த முகத்தோட போறதுன்னு கூச்சம். ஃப்ளாப்பியை எடுத்துட்டான்னு தொழிற்சாலைக்காரங்க திருட்டுக் கேஸ் வேற போட்டிருந்தாங்க அவன்மேல.”

டெய்லரம்மா எழுந்து சுவர்ப்பக்கம் போனார். ஆணியிலிருந்து முதுகு அட்டைக் கற்றையைக் கழற்றினார். நூல் கட்டை அவிழ்த்து, இரண்டு பெரிய அட்டைகளை, நாலு பக்கமும் தைத்து மூடியிருந்த இரண்டு அட்டைகளை, எடுத்து மெஷின்மேல் வைத்தார். பிளேடால் தையலைப் பிரித்தார். உள்ளே சதுரமாக, கறுப்பாக, மடிப்பு விழாமல், எட்டு அங்குலம். ஓரவெட்டு திறந்தே இருந்தது. அண்ணன் பூட்டிக் கொடுத்தது பூட்டியபடியே இருந்தது.

“காந்தம் பக்கத்துல போகக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனான். எல்லா டெய்லரும் ஊசி பொறுக்கக் காந்தம் வச்சிருக்காங்க. நான் வாங்கல.”

ஃபியூஸ் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். ஸ்டெனோ குறிப்பேட்டை மூடினாள்.

*

மியூசியத்தின் கடையில் எட்டு அங்குலம் படிக்கும் ஒரே ஒரு இயந்திரம் இருந்தது. அது துணி துவைக்கும் மெஷின்போல அதிர்ந்துகொண்டு வியாழக்கிழமை முழுவதும் வேலை செய்தது. பதினொரு மாத அளவீடுகளில் ஒன்பது மாதம் வந்தது, இரண்டு மாதம் வரவில்லை. தேதி, நேரம், கழிவுநீரில் ஈயம் எவ்வளவு, ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஆபரேட்டரின் முதலெழுத்து. மூன்று நகல் எடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஆணையத்தின் பதிவு அலுவலகத்தில் நீண்ட வரிசை. எழுத்தர் உறையை வாங்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அந்தக் காலத்தில் அப்படி ஓர் அளவீடே எடுக்கப்படவில்லை என்று தொழிற்சாலையின் வக்கீல் போன வாரம்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றார். ஸ்டெனோ அந்த வாக்கியத்துக்குச் சான்றிட்ட நகல் கிடைக்குமா என்று கேட்டாள். எழுத்தர் ஒரு படிவத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினார். ஆவணம் எண் நாற்பத்தொன்று. தாக்கல் செய்பவர், தங்கை. டெய்லரம்மா கேட்ட கேள்விக்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னார்.

“அளவீடு எடுத்தவர் உயிரோட இருக்காரா?” என்றார் எழுத்தர், பேனாவைத் தூக்கியபடி. ஆம் அல்லது இல்லை என்று ஒரு கட்டம் அது. அவர் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை கேட்பது.

புதன்கிழமையிலிருந்து டெய்லரம்மா அழவில்லை. பதினான்கு கடிதங்களையும் படித்து முடித்திருந்தார். அப்போதும் அழவில்லை. அண்ணன் போய்விட்டான் என்று யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவுமில்லை.

“இல்ல,” என்றார்.

சொன்னதும் கவுன்ட்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பின்னால் வரிசையில் நின்ற கால்வாய்க்கரைப் பெண் ஒருத்தி முன்னால் வந்து அவரைத் தாங்கிக்கொண்டாள். மகள் தண்ணீர் எடுக்க ஓடினாள். ஃபியூஸ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

எழுத்தர் காத்திருந்தார். சாட்சிக் கையெழுத்து ஒன்று பாக்கி என்றார், இறந்தவரைக் கடைசிக் காலத்தில் அறிந்தவர் யாராவது இருந்தால் நல்லது.

நீலச் சட்டைப் பெரியவர் கவுன்ட்டருக்கு வந்தார். பேனாவை வாங்கி, ஏழு வாரத்தில் முதல் முறையாகத் தன்னுடைய சொந்தப் பெயரை எழுதினார்.